கசப்பினால் முறியுமா இனிப்பு நீர்?

ஜொகூரில் நம்மவர் கூடும் வீடு கலியாண வீடாயினும் துக்க வீடாயினும், இனிப்பு நீரைப் பற்றிப் பேச்செழுந்துவிட்டால், வாய்க்குக் கசப்பது இரத்தத்தின் இனிப்பை முறிக்கும் என்ற சித்தாந்தத்தை யாரேனும் ஒருவர் ஸ்தாபிக்காமல் எழுந்திருப்பதில்லை. ஹெம்பெடு பூமி என்று மலாய்க்காரர் சொல்லும் நிலவேம்பும், பாகற்சாறும், சிறுகுறிஞ்சான் பொடியும் அந்தச் சித்தாந்தத்தின் பலத்திலேயே விலை போகின்றன. சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரை மணலைப்போல் ருசியற்றுப் போவது மெய்யே. எனினும் அது இலையிலுள்ள அமிலங்கள் நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மறைப்பதால் நேர்வதேயன்றி, இரத்தத்தில் நேர்ந்த மாறுதலுக்குச் சாட்சியன்று.

மூலிகையெல்லாம் வீண் என்பது என் அபிப்பிராயமன்று. நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினே கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் கண்ட ஒரு பொருளின் வழி வந்தது. வெந்தயத்தின் நாரும் உண்ட சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைச் சற்றே தணிக்கும். ஆனால் மூலிகை என்று சொல்லி விற்கும் சரக்கில் இருப்பதெல்லாம் மூலிகைதானா? 2008இல், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளிலும் பாரம்பரிய மருந்து வேடமிட்ட சரக்குகளிலும் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தமையால், நீரிழிவே இல்லாதவர்கள் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்து ஆஸ்பத்திரி சேர்ந்தனர், நால்வர் மாண்டனர்.

"தாத்தா தோட்டத்தில் மூன்று வேளையும் சோறுதானே தின்றார்?" என்பாரும் உளர். தின்றார், ஆனால் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மேடும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, வாளி சுமந்தவர் அவர். இரத்தத்துச் சர்க்கரையில் பெரும்பங்கை ஏற்க வேண்டியவை தசைகள். இன்சுலினின் சொல்லுக்கு அவை செவிசாய்க்க மறுப்பதே இன்சுலின் எதிர்ப்பு எனப்படுவது. ஆயினும் உழைக்கும் தசை அந்தச் சொல்லை எதிர்பாராமல் தானே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். பேரனோ ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துக் காரில் ஏறி அமர்கிறான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்றது.

சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவுத் திருத்தமும் நடையும் நோய் வரும் அபாயத்தை 28.5 சதவீதமும், மெட்ஃபார்மின் 26.4 சதவீதமும் குறைத்தன. இரண்டையும் சேர்த்தும் அதற்கு மேல் லாபமில்லை. ஏற்கெனவே மாத்திரை உண்பவர் மட்டும், நடையைக் கூட்டினாலும் கஷாயம் குடித்தாலும், கிளினிக் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரையின் அளவைத் திருத்துவது அவர் காரியம்.