பாறைப்படைகளிற் பதிந்த காபன் மாற்றமும் அதன் காலக்கணிப்பும்

காபன் 14 என்னும் சமதானியைக் கொண்டு பழம்பொருள்களின் வயதைக் கணிக்கலாம் என்பதை எம் மாணவர் அறிவர். பாறைகளின் வயதையும் அவ்வாறே கணிக்கலாமென எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. காபன் 14 இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளே. ஐம்பதினாயிரம் ஆண்டுகள் சென்றபின் அளத்தற்கேற்ற அளவு எஞ்சுவதில்லை. தொன்மையான சுண்ணாம்புக்கல்லில் நாம் நோக்குவது, சிதையாது நிலைக்கும் காபன் 12, காபன் 13 என்பவற்றின் விகிதத்தையாகும். தாவரங்கள் இலேசான காபன் 12 ஐக் கூடுதலாக ஏற்கின்றன. ஆதலின், உயிர்வழி வந்த காபன் பெருமளவிற் கடலிற் கலப்பின், ஆங்குப் படியும் சுண்ணாம்புக்கல்லிற் காபன் 13 இன் பங்கு குறையும். நிகழ்ந்தது யாது என்பதை அவ்விகிதம் கூறும். எப்பொழுது என்பதைக் கூறாது.

சீனாவின் செசியாங் மாகாணத்திலுள்ள மெய்சான் என்னும் இடத்துப் பாறைகள் இதற்குச் சிறந்த சான்று. பேர்மியன் காலம் முடிந்து திரையாசிக்குக் காலம் தொடங்கும் எல்லைக்கு உலகப் பொது நியமமாக அவை 2001 இல் ஏற்கப்பட்டன. ஆங்கு அவ்விகிதம் சடுதியாக ஆயிரத்துக்கு மூன்று அளவிற் குறைகிறது. அதனையடுத்துக் கடல்வாழ் இனங்களுட் பெரும்பாலானவை மறைகின்றன. இம்மாற்றம் சில ஆயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்ததா, பல இலட்சம் ஆண்டுகளிலா? காலமறியாது காரணத்தைத் துணிதல் இயலாது.

நற்பேறாக, ஆங்குள்ள கடற்படிவுகளினிடையே எரிமலைச் சாம்பற்படைகள் உள. சாம்பலிற் சேர்க்கன் என்னும் நுண்பளிங்குகள் காணப்படும். சேர்க்கன் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏற்காது. பின்னர் யுரேனியம் 238 ஆனது 4,468 மில்லியன் ஆண்டு அரைவாழ்வுக்காலத்துடன் சிதைந்து ஈயம் 206 ஆகும். எனவே இரண்டையும் அளந்தால் வயது கிடைக்கும். இத்தகைய அளவீடுகளுக்கு ஒப்புநியமமாக நம் இலங்கையின் சேர்க்கன் மணியொன்றும் பயன்பட்டமை நாம் மகிழத்தக்கது.

ஆயினும் முறை எளிதன்று. பளிங்கின் பழுதுற்ற பகுதிகளினூடாக ஈயம் கசிந்துவிடின், கல் தன் வயதினும் இளையதாய்த் தோன்றும். எல்லையின் வயது 251.4 மில்லியன் ஆண்டு என 1998 இல் ஓர் ஆய்வும், 252.6 மில்லியன் என 2004 இல் இன்னோர் ஆய்வும் கூறின. இவற்றிடை வேறுபாடு பன்னிரண்டு இலட்சம் ஆண்டு! அளக்கப்புகுந்த நிகழ்ச்சியினும் அளவையின் வழுவே பெரிதாயிற்று. பளிங்குகளைச் சூடாக்கிப் பழுதுற்ற பகுதிகளை ஐதரோபுளோரிக்கமிலத்தாற் கரைத்தகற்றும் முறை 2005 இற்குப்பின் பரவவே, இத்துன்பம் பெரிதும் நீங்கியது. 2014 இல் வெளிவந்த ஆய்வின்படி 25 ஆம் படையின் வயது 251.941 மில்லியன், 28 ஆம் படையினது 251.880 மில்லியன். அவற்றிடையுள்ள பாறை ஏறத்தாழ ஒரு சாண் தடிப்பினதே. பேரழிவு இவ்விரு படைகளுக்குமிடையே, ஏறத்தாழ 60,000 ஆண்டில் நிகழ்ந்தது. வழு 48,000 ஆண்டு. வழுவை நீக்கி எண்ணை மட்டும் மனனஞ் செய்தல் விஞ்ஞானமாகாது.

சாம்பலில்லாத படைகளின் வயதைத் தடிப்பைக் கொண்டே பங்கிடல் வேண்டும். படிவு சீராய் நிகழ்ந்ததென்னும் எடுகோள் அதனுள் மறைந்துளது.

சைபீரியாவின் எரிமலைப் பாறைகளுக்கும் இதே முறையால் வயது காணப்பட்டது. அங்குப் பொங்கிய குழம்பின் பெரும்பங்கு பேரழிவுக்குச் சற்று முன்னரும் அதனோடொருங்கும் வெளிப்பட்டதென 2015 இல் அறிவிக்கப்பட்டது. அக்குழம்பு நிலத்தடியிற் கிடந்த நிலக்கரி முதலிய படிவுகளை ஊடுருவிச் சுட்டமையாலேயே இலேசான காபன் பெருமளவில் வளியிற் கலந்ததென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.