கடைத்தெருவில் நற்குணம்



விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது கண்டாச்சிபுரம். சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் மளிகைக்கும் துணிமணிக்கும் அங்கேதான் வருகிறார்கள். மணிலா பிடுங்கி விற்றால்தான் கையில் காசு என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் பல. ஆகவே பற்று எழுதாமல் அங்கே மளிகைக் கடை நடத்துவது எளிதன்று.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அங்குள்ள ஒரு கடையில் நின்றிருந்தேன். கூலி வேலைக்குச் செல்லும் ஓர் அம்மாள் அரை லிட்டர் எண்ணெய் கடனாகக் கேட்டார். கடைக்காரர் மறுக்கவில்லை. ஆனால் நோட்டைப் புரட்டி, பழைய பாக்கி இவ்வளவு என்று நாலு பேர் காதில் விழும்படி உரக்கப் படித்த பிறகுதான் எண்ணெயை எடுத்து வைத்தார். அந்த அம்மாள் தலையைக் குனிந்தபடி வாங்கிச் சென்றார். எண்ணெய் கிடைத்தது, மானம் போயிற்று.

கொடுத்துவிட்டுப் பின்னர் மனத்தைப் புண்படுத்தும் தருமத்தைவிட, கனிவான சொல்லும் பிறர் பிழை பொறுத்தலும் மேலானவை என்று அல்லாஹுத்தஆலா அல்பகரா அத்தியாயத்தின் 263ஆம் வசனத்தில் கற்பிக்கிறான். தருமத்திற்கே இந்த நிபந்தனை என்றால், நாளை திரும்பி வரப்போகும் கடனுக்கு நாம் எவ்வளவு பேணுதலாக இருக்க வேண்டும்!

நற்பெயர் எங்கே பிறக்கிறது?

கடையின் முகப்புப் பலகையில் நற்பெயர் பிறப்பதில்லை. நம்மோடு கொடுக்கல் வாங்கல் செய்தவர், நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றிச் சொல்லும் சாட்சியம்தான் நற்பெயர். இதற்கு நமது நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வே முதல் பாடம்.

நபித்துவத்திற்கு முன் அவர்கள் மக்காவில் வணிகம் செய்தார்கள். அவர்களுடைய வாய்மையையும் நாணயத்தையும் கேள்விப்பட்டே கதீஜா (ரலி) அம்மையார் தமது சரக்கை அவர்களிடம் ஒப்படைத்து ஷாம் தேசத்திற்கு அனுப்பினார்கள். அக்காலத்தில் அவர்களுடன் கூட்டு வணிகம் செய்த ஸாயிப் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் நாயகத்தின் சமுகத்திலேயே சாட்சி கூறினார்கள். தாங்கள் மிக நல்ல பங்காளியாக இருந்தீர்கள், என்னோடு சண்டையிட்டதுமில்லை, வாதாடியதுமில்லை என்பதே அந்தச் சாட்சியத்தின் கருத்து. எத்தனை லாபம் கிடைத்தது என்பதை அவர்கள் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு கழித்தும் அவர்கள் உள்ளத்தில் நின்றது அந்தக் குணம்தான்.

610ஆம் ஆண்டில் முதல் வஹீ வந்தபோது, நடுக்கத்துடன் வீடு திரும்பிய நாயகத்திற்குக் கதீஜா (ரலி) சொன்ன ஆறுதலையும் கவனியுங்கள். உறவினரை ஆதரிப்பது, பிறர் சுமையைத் தாங்குவது, இல்லாதவருக்கு உதவுவது, விருந்தினரை உபசரிப்பது ஆகியவற்றை எடுத்துக்கூறி, இப்படிப்பட்டவரை அல்லாஹ் ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான் என்றார்கள். இவையெல்லாம் அன்றாடம் செய்த நற்செயல்கள். 622ஆம் ஆண்டில் ஹிஜ்ரத் புறப்பட்டபோது மக்காவாசிகளின் அமானிதப் பொருள்கள் அவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவரிடம் சேர்க்க அலி (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். கொள்கையில் பகைத்த ஊராரும் பொருளை ஒப்படைக்க அவர்களிடமே வந்தார்கள் என்றால், அந்த நற்பெயரின் பலத்தை எண்ணிப் பாருங்கள்!

கடையில் மூன்று இடங்கள்

ஒன்று, தராசு. ஸுவைத் (ரலி) அவர்களும் அவர்களுடைய பங்காளியும் மக்காவுக்குத் துணி கொண்டு வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் விலைபேசி வாங்கினார்கள். கூலிக்கு எடை போடும் ஒருவர் அங்கே இருந்தார். நிறுக்கும்போது தட்டு சற்றே தாழும்படி நிறுக்குமாறு அவரிடம் கூறினார்கள். நம் ஊரில் இதைத்தான் கொசுறு என்கிறோம். மின்னணுத் தராசு வந்துவிட்ட இக்காலத்திலும் நாலு கிராம் கூடப் போடுவதற்குத் தடையில்லை. முக்கியமாக, வீட்டார் அனுப்பிவைக்கும் சிறு பிள்ளைக்கும் பெரியவருக்குக் கொடுக்கும் அதே சரக்கையே கொடுக்க வேண்டும். அழுகிய தக்காளியைப் பிள்ளையின் பையில் தள்ளிவிட்டால், பிள்ளைக்குத் தெரியாமல் போகலாம். தாய் பையைத் திறந்து பார்ப்பாள்.

இரண்டு, திரும்பி வரும் சரக்கு. விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது என்று பல கடைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கியவர் மனம் வருந்தித் திரும்பி வரும்போது விற்பனையை ரத்துச் செய்து கொடுப்பவரின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பான் என்பது ஹதீஸின் கருத்து. இதற்கு 'இகாலா' என்று பிக்ஹு நூல்களில் பெயர். பழுதில்லாத பொருளைத் திரும்பப் பெறுவது கடமையன்று, அது உபகாரம். ஆனால் குறையை மறைத்து விற்றிருந்தால், திரும்பப் பெறுவது உபகாரமன்று; வாங்கியவரின் உரிமை.

மூன்று, கடன் நோட்டு. கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகராவின் 280ஆம் வசனம் பணிக்கிறது. முன் சென்ற சமுதாயத்தில் ஒரு வியாபாரி, இயலாதவரை விட்டுவிடும்படி தம் பணியாளர்களிடம் சொல்லி வந்தார். அதன் பொருட்டே அல்லாஹ் அவரை மன்னித்தான் என்று புகாரியில் வந்துள்ளது.

வாங்கும்போதும் நியாயம்

ஹிஜ்ரி 80 முதல் 150 வரை வாழ்ந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் பட்டு வியாபாரம் செய்தவர்கள். ஒரு பெண்மணி பட்டு ஆடை ஒன்றைக் கொண்டு வந்து நூறு என்று விலை சொன்னார். இது அதற்கும் மேல் பெறும் என்றார்கள் இமாம். அவர் நூறு நூறாக ஏற்றி நானூறு வரை வந்தார். அதற்கும் மேல் பெறும் என்றதும், பரிகாசம் செய்கிறீர்களா என்று அந்தப் பெண்மணி கேட்டுவிட்டார். மதிப்புப் போடத் தெரிந்த ஒருவரை அழைத்து வரச் செய்து, ஐந்நூறுக்கு அதை வாங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மணிலா மூட்டையுடன் வரும் விவசாயிக்கு அன்றைய விலை தெரியாதபோது, நமது வியாபாரி இதை நினைவுகூர வேண்டாமா?

ஒரு நியாயமான கேள்வி

"ஹஜ்ரத்! இப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால் மொத்த வியாபாரிக்கு நான் எப்படிப் பணம் கட்டுவது?" என்று கடைக்காரர் கேட்பார். கேட்பது நியாயமே. வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். கடனை எழுதி வைக்கும்படி கூறும் அல்பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். ஆகவே நோட்டு எழுதுங்கள். வாங்கியவருக்கும் காட்டி எழுதுங்கள். தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் கடன் கொடுங்கள். கொடுக்க இயலாவிட்டால், தனியாக அழைத்து இதமாகச் சொல்லுங்கள். கேட்கும் பாக்கியையும் தனியே கேளுங்கள். இதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

நிய்யத்து

பெயருக்காகக் கனிவு காட்டுவது முகஸ்துதியாகிவிடாதா? ஆம், ஆகிவிடும். அப்படிப்பட்டவரின் புன்சிரிப்பு பணக்காரர் வந்தால் மலரும். ஏழை வந்தால் மறையும். இதுவே நம்மை நாமே சோதித்துக்கொள்ளும் உரைகல். பதிலுக்கு நமக்கு ஒன்றும் செய்ய முடியாதவரிடம் நாம் எப்படி நடக்கிறோம்? அல்லாஹ்வுக்காகச் செய்த நன்மையை மக்கள் தாமாகப் புகழ்ந்தால், அது முஃமினுக்கு இவ்வுலகிலேயே கிடைக்கும் முன்கூட்டிய நற்செய்தி என்று ஹதீஸ் ஆறுதல் கூறுகிறது. நற்பெயரைத் தேடிப் போக வேண்டாம். அது வரும்போது அல்லாஹ்வுக்கு நன்றி கூறுங்கள்.

வீட்டிலுள்ளோருக்கு

வாங்குவோருக்கும் இதில் பாடம் உண்டு. விற்கும்போதும், வாங்கும்போதும், கடனைக் கேட்கும்போதும் பெருந்தன்மை காட்டுபவருக்கு அல்லாஹ் அருள் புரியட்டும் என்றே நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். பெரிய கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, கூடைக்காரக் கீரை அம்மாளிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடுவது அழகல்ல. கையில் பணம் வந்ததும் மளிகைப் பாக்கியை முதலில் தீருங்கள். கைப்பேசியிலேயே பணம் செலுத்தும் இந்நாளில் தாமதத்திற்குக் காரணம் சொல்வது கடினம்!

அன்று தலை குனிந்து சென்ற அந்த அம்மாள், நாளை அந்தக் கடைக்காரரைப் பற்றித் தம் தெருவில் என்ன சொல்வார்? மறுமையில் என்ன சொல்வார்? கடை திறக்கும் ஒவ்வொரு காலையிலும் இதை எண்ணிக்கொள்வோமாக. நமது வியாபாரத்தில் பரக்கத்தையும், நாவில் இனிமையையும், உள்ளத்தில் இக்லாஸையும் அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.