மலைநாட்டு ஓர்கிட்: வாழிடத்தை அறிந்து வளர்ப்போம்

மாணவர்களே, தாவரமொன்றின் இயற்கை வாழிடத்திலுள்ள சூழற் காரணிகளை அறிந்துகொண்டால், அதை எவ்வாறு வளர்க்க வேண்டும் என்பதை நீங்களே உய்த்தறியலாம். இலங்கையின் மலைநாட்டு ஓர்கிட் இனமான சீலோஜினி ஒடோரட்டிசிமாவை உதாரணமாகக் கொண்டு இதனைக் கற்போம். இரண்டாவது சொல் ‘மிகுந்த நறுமணமுடையது’ எனப் பொருள்படும். மஞ்சள் அடையாளமுள்ள வெண்ணிறப் பூக்களைக் கொண்ட இவ்வினம் தென்னிந்திய மலைகளிலும் காணப்படுகிறது.

1. வாழிடம்

ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்மலைக் காடுகளில், பாசி படர்ந்த மரக்கிளைகளின் மீது இது வளர்கிறது. இவ்வாறு வேறொரு தாவரத்தின் மீது தங்கி வாழ்ந்தாலும் அதிலிருந்து உணவைப் பெறாத தாவரம் மேலொட்டி எனப்படும். இதை ஒட்டுண்ணி என எழுதுவது பரீட்சையில் அடிக்கடி காணப்படும் தவறாகும்.

வெப்பநிலையைக் கணித்துப் பார்ப்போம். உயரம் 100 மீற்றர் அதிகரிக்கும்போது வெப்பநிலை சராசரியாக 0.65 பாகை செல்சியசு குறையும். கடல் மட்டத்தில் 27 பாகை எனவும் ஹோர்ட்டன் சமவெளியின் உயரம் 2100 மீற்றர் எனவும் கொள்க.

குறைவு = 21 × 0.65 = 13.65 பாகை
எனவே வெப்பநிலை = 27 − 13.65 = 13.35 பாகை செல்சியசு

இங்கு ஆண்டு மழைவீழ்ச்சி 2000 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. மூடுபனியால் வளியின் ஈரப்பதனும் உயர்வாக இருக்கும். எனினும், ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும். அக்காலத்துச் சில இரவுகளில் தரையில் உறைபனியும் காணப்படும்.

2. இசைவாக்கங்கள்

• போலிக்குமிழ்: தண்டின் பருத்த பகுதி. நீரையும் உணவையும் சேமித்து வறண்ட மாதங்களைக் கடக்க உதவும்.
• வெலமன்: வேரைச் சூழ்ந்துள்ள இறந்த கலங்களாலான பஞ்சு போன்ற படை. மழைநீரை விரைவாக உறிஞ்சும். வேரைச் சூழ வளி இல்லாவிடின் வேர் அழுகிவிடும்.
• வித்து: தூசு போல நுண்ணியது, வித்தகவிழையம் அற்றது. எனவே இயற்கையில் முளைப்பதற்குப் பங்கசு ஒன்றின் துணை அவசியமாகும். இதனை 1899 இல் பிரான்சு நாட்டவரான நோயல் பேர்னார்ட் கண்டறிந்தார். வெல்லம் சேர்த்த ஏகார் ஊடகத்தில் பங்கசு இன்றியும் முளைக்கச் செய்யலாம் என 1922 இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் காட்டினார். இன்றைய ஆய்வுகூட வளர்ப்புக்கு இதுவே அடிப்படையாகும்.

3. வளர்க்கும் முறை

வாழிடத்தின் ஒவ்வொரு காரணிக்கும் ஈடாக நாம் ஒன்றைச் செய்ய வேண்டும்.

(அ) ஊடகம்: மண்ணைப் பயன்படுத்தக் கூடாது. பொச்சுமட்டைத் துண்டு, மரக்கரி, செங்கல் துண்டு ஆகியவற்றைக் கலந்து, துளைகளுள்ள சட்டியில் இடுக. பொச்சுமட்டையிலுள்ள உப்பும் தனினும் நீங்குவதற்காக, அதை முன்னரே நீரில் ஊறவைத்துப் பல தடவை கழுவுக.
(ஆ) ஒளி: மரக்கிளைகளினூடாக வரும் ஒளிக்கு ஈடாக நிழல் வலை அமைக்க. நேரடி வெயில் இலையைக் கருக்கும்.
(இ) நீர்: உப்புக் குறைந்த மழைநீர் சிறந்தது. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் வேரில் உப்புப் படியச் செய்யும். காலையில் நீரூற்றினால் இரவுக்குள் இலைகள் உலர்ந்துவிடும்.
(ஈ) பசளை: மழைநீரில் போசணை மிகக் குறைவு. ஆகவே வளரும் காலத்தில் மாத்திரம் மிகவும் ஐதான திரவப் பசளை இடுக.
(உ) ஓய்வு: புதிய போலிக்குமிழ்கள் முதிர்ந்த பின்னர் வரும் வறண்ட மாதங்களில் நீரைக் குறைக்க. ஆயினும் குமிழ்கள் சுருங்குமளவிற்கு உலர விடலாகாது.
(ஊ) பெருக்கம்: புதிய வேர் தோன்றும் பருவத்தில், ஒவ்வொரு பகுதியிலும் மூன்று அல்லது நான்கு போலிக்குமிழ்கள் இருக்கத்தக்கதாகப் பிரித்து நடுக.

4. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்க்கலாமா?

நிழலும் நீரும் கொடுத்தாலும் இரவுக் குளிரைக் கொடுக்க முடியாது. சூடான இரவுகளில் சுவாச வீதம் கூடுவதால், பகலில் ஒளித்தொகுப்பின் மூலம் சேமித்த உணவின் பெரும்பகுதி செலவாகிவிடும். தாவரம் படிப்படியாக நலிவடையும். எனவே தாழ்நிலத்தில் வசிப்போர் வண்டா, கலப்பின டென்ட்ரோபியம் போன்றவற்றைத் தெரிவு செய்வதே பொருத்தமானது. நுவரெலியா போன்ற இடங்களில் மலை இனங்களை முயன்று பார்க்கலாம்.

5. காட்டிலிருந்து எடுக்கலாமா?

கூடாது. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாகும். அங்கு தாவரங்களைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். ஓர்கிட்டுகளின் சர்வதேச வர்த்தகம் சைட்ஸ் உடன்படிக்கையினால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கிளையிலிருந்து பிய்த்தெடுக்கும்போது வேர்கள் அறுந்து பெரும்பாலான செடிகள் இறந்துவிடும். ஒரு செடி அகற்றப்பட்டால் அது பின்னர் உருவாக்கியிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான வித்துக்களும் இல்லாமற் போகும். நாற்றுமேடையில் பெருக்கிய செடியையே வாங்குங்கள்.

மாதிரி வினா

(i) பண்டாரவளையின் உயரம் ஏறத்தாழ 1200 மீற்றர். மேற்கூறிய முறையில் அதன் வெப்பநிலையைக் கணிக்க.
(ii) மேலொட்டி ஓர்கிட்டைத் தோட்ட மண்ணில் நட்டால் வேர் அழுகுவது ஏன்?

விடை: (i) 27 − (12 × 0.65) = 19.2 பாகை செல்சியசு. (ii) நீர் தேங்கி மண்ணிடைவெளிகளிலுள்ள வளி வெளியேறும். வேருக்கு ஒட்சிசன் கிடைக்காமையால் சுவாசம் தடைப்பட்டுக் கலங்கள் இறக்கும். அதன் பின் நுண்ணங்கிகள் அவற்றை அழுகச் செய்யும்.

விடை எழுதும்போது முதலில் சூழற் காரணியையும், அடுத்து இசைவாக்கத்தையும், இறுதியாக வளர்ப்பு நடவடிக்கையையும் எழுதுங்கள். இவ்வொழுங்கில் எழுதினால் காரணமும் விளைவும் தெளிவாகத் தெரியும்.