இரண்டாவது கைத்துப்பாக்கி தேவையா? அமெரிக்காவில் புதிதாக ஆயுதம் வாங்கியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெக்சாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் அழைத்தார். கிரீன் கார்டு வந்து எட்டு மாதம், முதல் கைத்துப்பாக்கி வாங்கி ஆறு வாரம். "கடைக்காரர் இன்னொரு சின்னது எடுத்துக்கோங்கன்னு சொல்றார். கணுக்கால்ல கட்டிக்கலாமாம். வாங்கலாமாண்ணா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம், எப்போது வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். இன்று அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதுதான் நிலை. வாங்குவது எளிதாகிவிட்டதால், வாங்குவதற்கு முன் யோசிக்கும் வேலை முழுதும் நம் தலையில் விழுந்திருக்கிறது.

படி 1: உங்கள் விசா என்ன?

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எச்-1பி, எஃப்-1, எச்-4, பார்வையாளர் விசா போன்ற குடியேற்றமல்லாத விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. பயிற்சிக் களத்தில், அதாவது ரேஞ்சில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். மாநிலம் அனுமதிக்கிறது என்பது இங்கே பதிலாகாது. 2022-க்குப் பிறகு இதற்கான அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம்.

நம் வீடுகளில் ஒருவருக்கு கிரீன் கார்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குப் பார்வையாளர் விசா என்று கலந்துதான் இருக்கும். ஆசையாக அப்பா கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவும் போடாதீர்கள்.

எத்தனை வைத்துக்கொண்டு நடமாடலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ மெக்சிகோ உரிமத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கைத்துப்பாக்கியைத்தான் மறைத்து எடுத்துச் செல்லலாம். டல்லாஸிலிருந்து இரண்டு துப்பாக்கியோடு காரில் கிளம்பியவர், மாநில எல்லையைத் தாண்டியதும் வேறு சட்டத்துக்குள் நுழைகிறார். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் பிற மாநில உரிமங்களை ஏற்பதே இல்லை. போகும் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்தையும் கிளம்புவதற்கு முன் படித்துவிடுங்கள்.

படி 2: இந்தப் பழக்கம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டாவது துப்பாக்கி என்பது காவல்துறையின் பழக்கம். ஆறு தோட்டா ரிவால்வர் காலத்தில், சண்டை நடுவே காலி அறைகளில் ஒவ்வொரு தோட்டாவாகத் திணிப்பதற்கு நேரம் இருக்காது. தீர்ந்ததை விட்டுவிட்டு நிறைந்த இன்னொன்றை உருவுவது வேகமான வழி. அதற்கு 'நியூயார்க் ரீலோட்' என்றே பெயர் வந்துவிட்டது. 1960-களின் இறுதியில் தொடங்கப்பட்ட நியூயார்க் காவல்துறையின் கொள்ளைத் தடுப்புப் பதுங்கு படையோடு அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் படையில் இருந்த ஜிம் சிரில்லோ பின்னாளில் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆனார்.

இரண்டாவது துப்பாக்கிக்கு ஆதரவாகப் பேசும் எவரும் சொல்லும் உதாரணம் மியாமி. 1986 ஏப்ரல் 11 அன்று எட்டு எஃப்பிஐ அதிகாரிகள் இரண்டு வங்கிக் கொள்ளையரின் காரை மோதி நிறுத்தினார்கள். மோதிய அதிர்ச்சியில், ஒரு குண்டு சுடப்படும் முன்பே, இரண்டு அதிகாரிகளின் ரிவால்வர்கள் கைவிட்டுப் போயின. அவர்களில் ஹான்லன் என்ற அதிகாரியிடம் ஐந்து தோட்டா பிடிக்கும் ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 36 இரண்டாவதாக இருந்தது. அதை வைத்துத்தான் அவர் சண்டையிட்டார். அதற்கு மறுபடி தோட்டா போடும்போது கையில் குண்டு பட்டது. அன்று இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள், கொள்ளையர் இருவரும் செத்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஹான்லனுக்கு அந்தச் சிறிய ரிவால்வர் இல்லாமல் இருந்திருந்தால் அவர் வெறுங்கையோடு நின்றிருப்பார். அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த எட்டுப் பேரும் ஆயுதம் ஏந்திய கொள்ளையரைத் தேடிப் போனவர்கள். அது அவர்கள் வேலை. மளிகை வாங்கிவிட்டுக் காருக்குத் திரும்பும் உங்களுக்கும் எனக்கும் அந்த வேலை இல்லை. ஆபத்திலிருந்து விலகி, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேறுவதுதான் நம் வேலை.

படி 3: அது எதற்கு உதவும், எதற்கு உதவாது

உதவும் இடங்கள் மூன்று. முதல் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும்போது ஒன்று. காலி உறை வெளியே விழாமல் நின்றுவிடுவதோ, ஒரே நேரத்தில் இரண்டு தோட்டாக்கள் அறைக்குள் முட்டிக்கொள்வதோ நடக்கும். வலது கையில் அடிபட்டு, வலது இடுப்பிலிருப்பதை எடுக்க முடியாமல் போவது இன்னொன்று. சீட் பெல்ட்டுக்கு அடியில் முதல் துப்பாக்கி மாட்டிக்கொள்வது மூன்றாவது. காரிலேயே நாளெல்லாம் வேலை செய்பவர்களுக்கு இது உண்மையான பிரச்சினை.

உதவாத இடம் ஒன்றுதான், ஆனால் பெரியது. பதற்றத்தில் முதல் துப்பாக்கியைச் சரியாக உருவத் தெரியாதவருக்கு இரண்டாவதால் பயனில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிஸ்டல் சிக்குவதற்கு மேகசின் ஒரு முக்கியக் காரணம். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது மேல் விளிம்பு வளைந்திருக்கும். கூடுதலாக ஒரு மேகசின் எடுத்துச் சென்றால் பாதிப் பிரச்சினை தீர்கிறது. அதற்கு விசை கிடையாது, அது தானாகச் சுடாது, விலையும் குறைவு. புதியவருக்கு அது போதும்.

படி 4: இரண்டாவதுக்கு முன்னால் வாங்க வேண்டியவை

கடைக்காரர் கேட்கும் பணத்தை வைத்துக்கொண்டு இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில் விசையை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர், அதைத் தாங்கும் தடித்த பெல்ட். அடுத்து ஒரு நல்ல பயிற்சியாளரிடம் இரண்டு நாள் வகுப்பு. பிறகு கையடக்கமான டார்ச் விளக்கும் மிளகு ஸ்ப்ரேயும். பார்க்கிங்கில் வாய்ச்சண்டை முற்றும் இடத்தில் துப்பாக்கியை எடுப்பதே குற்றமாகிவிடலாம். அங்கே ஸ்ப்ரே உங்களையும் எதிராளியையும் காப்பாற்றும்.

அதற்கும் மேலாக நான் வற்புறுத்துவது டூர்னிக்கே என்ற இரத்தக்கட்டுப் பட்டை. 2015-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டாப் த பிளீட்' இயக்கத்தின் வகுப்புகள் பல ஊர்களில் இலவசமாகவே நடக்கின்றன. பட்டையைத் தொடையில் உயரே கட்டி, அதிலுள்ள குச்சியைத் திருகி, இரத்தம் நிற்கும்வரை இறுக்கச் சொல்லித்தருவார்கள். கட்டுபவர் பயந்து நிறுத்தும் அளவுக்கு அடிபட்டவருக்கு வலிக்கும், ஆனால் அங்கே நிறுத்தக் கூடாது. சாலை விபத்திலும் சமையலறை வெட்டிலும் உதவக்கூடிய அறிவு இது. வாழ்நாளில் துப்பாக்கியை எடுக்க நேரிடுவதைவிட இந்தப் பட்டையை எடுக்க நேரிடும் வாய்ப்பே அதிகம் என்பது என் எண்ணம்.

படி 5: ஒரு வருடம் கழித்தும் வேண்டுமென்றால், எதை வாங்குவது?

சின்னது என்றால் எளிது என்று நினைப்பதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். குழல் குட்டையாக இருந்தால் குறிக்காட்டிகளுக்கு இடையே தூரம் குறையும், சிறு நடுக்கமும் குறியை வெகுதூரம் தள்ளிவிடும். ருகர் எல்சிபி 300 கிராம்கூட இல்லாத பிஸ்டல். சட்டைப்பையில் தெரியாது, ஆனால் ஒரு பெட்டித் தோட்டா சுட்டால் கட்டைவிரல் இடுக்கு வலிக்கும்.

இரண்டு வழிகள் நியாயமானவை. ஒன்று, முதல் துப்பாக்கியின் குட்டித் தம்பியை வாங்குவது. கிளாக் 19 வைத்திருப்பவர் கிளாக் 26 வாங்கினால் தோட்டா ஒன்றே, விசையின் அழுத்தமும் ஒன்றே, 19-இன் மேகசின் 26-லும் பொருந்தும். 26-இன் குட்டை மேகசின் 19-இல் பொருந்தாது, நினைவிருக்கட்டும். மற்றது, ஸ்மித் அண்ட் வெசன் 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வர். சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் உருவும்போது துணியில் மாட்டாது, மேகசின் சிக்கலும் இல்லை. ஆனால் அதன் விசை கனமானது. அதற்கென்று தனியாகப் பழக வேண்டும்.

படி 6: எங்கே வைப்பது?

கணுக்கால் உறையைச் சினிமாவில் பார்த்து ஆசைப்படுகிறோம். வீட்டில், துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு முயன்று பாருங்கள். ஒரு முழங்காலை மடக்கி உட்கார வேண்டும், இடது கையால் பேண்ட்டை உயர்த்த வேண்டும், பட்டனைத் தட்ட வேண்டும், பிறகு உருவ வேண்டும். ஜீன்ஸ் இறுக்கமாக இருந்தால் பாதியிலேயே நின்றுவிடும். நின்றபடி நடக்காத காரியம் அது. காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அது நல்ல இடம்.

பையில் வைப்பதென்றால் பாக்கெட் ஹோல்ஸ்டர் கட்டாயம். அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, காது ஒலிக்கருவி என்று விசை வளையத்துக்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் ஆபத்து. பேண்ட் பையின் பஞ்சுத் தூசி குழலுக்குள்ளும் இடுக்குகளிலும் சேரும். வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் திரிதிரியாகத் தெரியும். அவசரத்துக்கென்று வைத்ததே அதனால் சிக்கிக்கொள்ளலாம்.

எந்த இடமானாலும் இடது கையாலும் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். வலது கைக்கு மட்டும் எட்டும் இடத்தில் இரண்டாவதை வைப்பவர், அதை வாங்கிய காரணத்தையே இழக்கிறார்.

படி 7: பயிற்சி

துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகள் இரண்டாவதுக்கும் அப்படியே பொருந்தும். எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினையுங்கள். அழிக்கத் துணியாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதீர்கள். குறி பார்க்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இலக்கும் அதன் பின்னால் இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இரண்டாவதிலும் சுடுங்கள், இடது கையில் மட்டும் சில குண்டுகள் சுடுங்கள். இதற்கு நேரமில்லை என்பவர் அதை வாங்க வேண்டாம்.

படி 8: மறதி

அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 2023-இல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பெரும்பாலானவை தோட்டா நிரம்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், பையில் இருந்தது மறந்துவிட்டது என்பது. ஒன்றையே மறக்கிறோம், இரண்டாவதை இன்னும் எளிதாக மறப்போம்.

ஊருக்கு வருபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையைச் சென்னைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். ஓரத்தில் ஒற்றைத் தோட்டா கிடந்தாலும் இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். அமெரிக்காவில் போலீஸ் உங்கள் காரை நிறுத்தினால் இரண்டு கைகளையும் ஸ்டீரிங்கில் வையுங்கள். ஆயுதம் இருப்பதைச் சொல்லும்போது இரண்டு இருப்பதையும், இருக்கும் இடங்களையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி மற்றது தானாகக் கண்ணில் பட்டால், அந்த நொடி உயிருக்கே ஆபத்தானது.

படி 9: இரவில் அது எங்கே தூங்குகிறது?

முதல் துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, இரண்டாவதைக் கழற்றிய காலணியோடு கட்டிலடியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 2020 முதல் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள், பதின்பருவத்தினர் இறப்புக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். துப்பாக்கியால் நேரும் மொத்த மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். வேலை போன பயம், விசா கவலை, தனிமை எல்லாம் நம் வீடுகளிலும் உண்டு. வீட்டில் யாராவது மனமுடைந்திருந்தால் இரண்டையும் சில காலம் வீட்டைவிட்டு வெளியே, சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ள நம்பகமானவரிடம் வையுங்கள். 988 என்ற எண்ணை அழைத்தால் அமெரிக்காவில் எந்நேரமும் பேச ஆள் இருப்பார்கள்.

நண்பரிடம் கடைசியாகக் கேட்டேன், முதல் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது என்று. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அலமாரில, துணிக்கு அடியில" என்றார். அவருக்கு ஆறு வயதில் மகள் இருக்கிறாள். கடைக்குப் போய்ப் பெட்டகம் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். அன்று மாலையே வாங்கிவிட்டார். உங்கள் வீட்டிலும் துணிக்கு அடியில்தான் இருக்கிறதென்றால், தயவுசெய்து இன்றே வாங்கிவிடுங்கள்.