தடையும் உடன்படிக்கையும்

நுழையும்முன்

ஒரு நாட்டின் செயல் ஏற்புடையதாக இல்லாதபோது, பிற நாடுகள் அதனோடு வணிகத்தை நிறுத்துகின்றன, கடனுதவியை முடக்குகின்றன, தொழில்நுட்பத்தை மறுக்கின்றன. போரின்றிப் பணியவைக்க முயலும் இந்நடவடிக்கையே பொருளாதாரத் தடை. அணுசக்தித் துறையில் இந்தியா 34 ஆண்டுகள் இத்தகைய தடைகளை எதிர்கொண்டது. அவை எதைச் சாதித்தன, எதைச் சாதிக்கவில்லை என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உள்ளது.

கடலோரச் சான்று

தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் செங்கல்பட்டை அடைந்து, கிழக்கே திருக்கழுக்குன்றத்தைக் கடந்து சென்றால் கடலோரத்தில் கல்பாக்கம் அமைந்துள்ளது. சென்னை அணுமின் நிலையமும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இங்கு உள்ளன. இவற்றின் வரலாறு தடைகளின் வரலாறும் ஆகும்.

அடைபட்ட கதவு

இராசத்தானில் கனடாவின் உதவியோடு அணுமின் உலைகள் கட்டப்பட்டன. அவ்வகை உலைகளையே கல்பாக்கத்திலும் அமைக்கும் பணி நடைபெற்று வந்தது. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா அணுவெடிப்புச் சோதனை நிகழ்த்தியதும் கனடா தன் உதவியை நிறுத்தியது. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் தனிக் குழுவாக இணைந்து ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் விதித்தன.

கல்பாக்கத்தின் பணி நின்றுவிடவில்லை, ஆனால் தாமதமாயிற்று. உலைக்குத் தேவையான கனநீர் போதிய அளவில் கிடைக்கவில்லை. கருவிகளை உள்நாட்டுத் தொழிற்சாலைகளே உருவாக்க வேண்டியதாயிற்று. இறுதியில் 1983 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது.

வேக ஈனுலைச் சோதனை நிலையத்திற்கும் இதே நிலைதான். பிரான்சு நாட்டு வடிவமைப்பைத் தழுவிய அவ்வுலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கவில்லை. அறிவியலாளர்கள் புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை உருவாக்கினர். 1985 அக்டோபரில் அவ்வுலை இயங்கியது.

தெரிந்து தெளிவோம்

மகாராட்டிரத்தின் தாராப்பூர் அணுமின் நிலையத்திற்கு எரிபொருள் வழங்க அமெரிக்கா 1963இல் உடன்படிக்கை செய்தது. 1978இல் இயற்றிய புதிய சட்டத்தைக் காட்டி வழங்கலை நிறுத்தியது. பின்னர்ப் பிரான்சு எரிபொருள் வழங்க முன்வந்தது.

பேச்சுவார்த்தையின் தொடக்கம்

1998 மே மாதம் இந்தியா மீண்டும் அணுச்சோதனை நிகழ்த்தியது. அமெரிக்காவும் ஜப்பானும் உள்ளிட்ட நாடுகள் தடை விதித்தன. அணுசக்தி ஆணையத்தின் அப்போதைய தலைவர் இரா. சிதம்பரத்திற்கு அமெரிக்கா நுழைவிசைவு மறுத்தது. எனினும், தடை நடைமுறையில் இருந்தபோதே ஜஸ்வந்த் சிங்கும் அமெரிக்காவின் ஸ்ட்ரோப் டால்பட்டும் பலமுறை சந்தித்துப் பேசினர். 2001 செப்டம்பரில் அமெரிக்கா அத்தடைகளுள் பெரும்பாலானவற்றை விலக்கிக்கொண்டது.

இந்தியாவுக்கும் உடன்படிக்கை தேவைப்பட்டது. உள்நாட்டு யுரேனியம் போதாமையால் நம் உலைகள் முழுத்திறனில் இயங்க இயலவில்லை. இந்தியாவின் வளர்ந்துவரும் சந்தையும் நட்பும் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டன. 2005 ஜூலையில் கூட்டறிக்கை வெளியாயிற்று. 2008 அக்டோபரில் அணுசக்தி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இவ்வுடன்பாட்டின்படி, அன்று இயங்கிய, கட்டப்பட்டுவந்த 22 உலைகளுள் 14 உலைகளைப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் வைக்க இந்தியா இசைந்தது. கல்பாக்கத்தின் உலைகள் அப்பதினான்கில் இடம்பெறவில்லை. தடைக்காலத்தில் தன்முயற்சியால் எழுந்தவை, பேச்சுவார்த்தையில் இந்தியாவின் வலிமையாயின.

ஈரான் தரும் எச்சரிக்கை

ஈரானின் நிலை வேறு. கடுமையான எண்ணெய், வங்கித் தடைகளுக்குப் பின் அந்நாடு 2015இல் ஆறு வல்லரசுகளோடு உடன்படிக்கை செய்தது. யுரேனியச் செறிவூட்டலை 3.67 விழுக்காட்டுக்குள் நிறுத்த இசைந்தது. 2018இல் அமெரிக்கா விலகி மீண்டும் தடை விதித்தது. 2021இல் ஈரானின் செறிவூட்டல் 60 விழுக்காட்டை எட்டியது. தடையை நீக்குவதாகத் தந்த சொல் காக்கப்படாதபோது, கட்டுப்பாட்டை ஏற்றவரும் அதிலிருந்து விலகுகின்றனர்.

நிறைவாக

தடையால் ஒரு நாட்டைத் தாமதப்படுத்த முடியும். அதன் செலவை உயர்த்த முடியும். சில வேளைகளில் பேச்சுக்கு அழைத்துவரவும் முடியும். நம்பிக்கையைத் தடையால் உருவாக்க முடியாது. இருதரப்புத் தேவையும் சொன்ன சொல் தவறாமையுமே உடன்படிக்கையை நிலைநிறுத்துகின்றன.

கற்பவை கற்றபின்

1. 'பொருளாதாரத் தடை தன்னிறைவை வளர்க்கிறதா, வளர்ச்சியைத் தடுக்கிறதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

2. தடைகளால் ஒரு நாட்டின் எளிய மக்கள் அடையும் இன்னல்களைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.