கடலடியில் ஒரு பௌதிகப் பாடம்

பத்தாம் வகுப்பில் நாங்கள் ஒப்புவிக்கும் பாயில் விதி, கடலில் உயிரைக் காக்கிறது. வெப்பநிலை மாறாதிருக்க, அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் பெருகும் என்பதே அவ்விதி.

1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்டோவும் காக்னனும் உருவாக்கிய மூச்சுக் கருவியைப் போன்ற ஒன்றை அணிந்து முக்குளிப்போர் 10 மீட்டர் ஆழத்தை அடைந்தால், அவர்கள்மேல் அழுத்தம் இரு மடங்காகிறது. அங்கிருந்து மூச்சை அடக்கியபடி மேலேறினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழியவும் கூடும். வெகுநேரம் ஆழத்திலிருந்து விரைந்து ஏறினாலோ, இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழியிடும்.

மேலே கடல் கொந்தளித்துச் சிறு படகு தத்தளிக்கையில், உடனே படகேற மனம் பதறும். ஆயினும் சீராக மூச்சு விட்டவாறு மெல்லத்தான் ஏறவேண்டும். படகிலிருப்போரும் பொறுமையுடன் காத்திருக்கவேண்டும். தோழியரே, ஒப்புவிப்பதைப் பொருளுணர்ந்தும் படிப்போம்!