முகத்தில் காயமா? தழும்பைக் குறைக்க நாம் செய்யக்கூடியவை

கோடைகால ஒன்றுகூடல்களில் நாம் எல்லோரும் கண்ட காட்சிதான் இது. ஓடி விளையாடிய பிள்ளை தார்ப் பாதையில் முகம் குப்புற விழுகிறது. நெற்றியிலிருந்து இரத்தம் வடிகிறது. ஒருவர் கோப்பித்தூள் தேடுகிறார், இன்னொருவர் மஞ்சள் என்கிறார். "பொம்பிளைப் பிள்ளை, முகத்தில அடையாளம் விழப்போகுது" என்று அம்மம்மா கலங்குகிறார். ஆணோ பெண்ணோ, முகத்துத் தழும்பு வாழ்நாள் முழுவதும் கண்ணாடியில் தெரிவது. எனவே இந்த இதழில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

முதல் ஒரு மணி நேரம்

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான துணியால் காயத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்துப் பார்க்க வேண்டாம். முகத்தில் இரத்தக் குழாய்கள் அதிகம் என்பதால் சிறு காயமும் பயமுறுத்தும். அதே காரணத்தால் முகத்துக் காயம் விரைவாக ஆறவும் செய்யும்.

இரத்தம் நின்றதும் குழாய்த் தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டுக் கழுவுங்கள். மண்ணும் கல் துகளும் தோலுக்குள் தங்கினால் பச்சை குத்தியது போல நிரந்தரக் கறையாகிவிடும். கோப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். அவை காயத்தை அசுத்தமாக்கும். தைக்க வரும் வைத்தியருக்கும் இடைஞ்சல். ஸ்பிரிட், ஐதரசன் பெரொக்சைட் போன்றவை புதிதாக வளரும் தோலையே தாக்கும்.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

காயம் வாய் பிளந்திருந்தால், இரத்தம் நிற்காவிட்டால், உதட்டு ஓரத்தையோ கண் இமையையோ வெட்டியிருந்தால், மண் உள்ளே ஒட்டியிருந்தால், நாயோ வேறு மிருகமோ கடித்திருந்தால் அன்றே போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் அழகாகத் தைத்து மூடும் வாய்ப்புக் குறைந்துவிடும். விழுந்தபின் மயக்கம், வாந்தி, தடுமாற்றம் இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். ஏற்பு ஊசி கடைசியாகப் போட்ட ஆண்டையும் சொல்லுங்கள். அழுக்கான காயமென்றால், ஐந்து ஆண்டு கடந்திருந்தாலே இன்னொன்று தேவைப்படலாம்.

காயத்தைக் காயவிடலாமா?

"காற்றுப் படவிடு, அயறு கட்டட்டும்" என்றுதான் நாம் கேட்டு வளர்ந்தோம். ஆனால் 1962இல் ஜோர்ஜ் வின்ரர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் ஈரப்பதத்துடன் மூடி வைத்த காயங்கள் காயவிட்டவற்றைவிட வேகமாக ஆறுவதைக் காட்டினார். இன்றைய பராமரிப்பு அதன் வழியே வந்தது. தினமும் மெதுவாகக் கழுவி, வசலின் மெல்லியதாகப் பூசி, ஒட்டாத பட்டியால் மூடுங்கள். அயற்றைப் பிய்க்க விடாதீர்கள். தோல் பசையால் ஒட்டிய காயத்துக்கு மட்டும் வசலின் பூசக்கூடாது, பசை கழன்றுவிடும்.

முகத்துத் தையலைப் பொதுவாக ஐந்து நாள் அளவில் எடுப்பார்கள். வேலை, பாடசாலை என்று தள்ளிப் போட்டால் நூல் பட்ட இடமெல்லாம் தண்டவாளம் போலத் தடம் விழும். சிவப்புப் பரவினாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

கிரந்தியும் பத்தியமும்

மீன், முட்டை கிரந்தி என்று பிள்ளைக்குக் கொடுக்காமல் விடுகிறோம். புதுத் தோல் வளரப் புரதம் தேவை. ஒவ்வாமை இல்லையென்றால் தாராளமாகக் கொடுங்கள்.

அடுத்த ஒரு வருடம்

காயம் மூடியதோடு வேலை முடிவதில்லை. தழும்பு நிறம் மாறி, மென்மையாகி, தட்டையாக ஒரு வருடமோ அதற்கு மேலுமோ எடுக்கும். எங்கள் நிறத் தோலில் காயம் பட்ட இடம் எளிதில் கறுத்துப் போகும். வெயில் அதைக் கூட்டும். "எங்களுக்கு எதற்கு சன்ஸ்கிரீன்?" என்று கேட்காமல், காயம் நன்றாக மூடியபின் எஸ்.பி.எவ். 30க்குக் குறையாததைப் பூசுங்கள்; தொப்பியும் போடுங்கள். பனியும் சூரியக் கதிரைத் திருப்பி அனுப்புவதால் குளிர்காலத்திலும் கவனம் வேண்டும்.

மருந்தகத்தில் கிடைக்கும் சிலிக்கோன் ஜெல்லைச் சில மாதம் தொடர்ந்து பாவிப்பது தழும்பு தடிப்பதைக் குறைக்க உதவும். விற்றமின் ஈ எண்ணெயால் பயன் உறுதியாகவில்லை. சிலருக்கு அரிப்பும் வரும்.

தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது கெலோயிட் எனப்படும். கறுத்த தோலில் இது கூடுதல், குடும்பவழியாகவும் வரும். காது குத்திய இடம் உருண்டையாகத் தடித்தவர்கள் வீட்டில் இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே ஊசி மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

தழும்பே இல்லாமல் செய்ய எவராலும் முடியாது. ஆனால் அன்றைக்கே நன்றாகக் கழுவுவதும், ஒரு வருடம் பொறுமையாகக் கவனிப்பதும் எங்கள் கையில்தான் இருக்கின்றன. பிள்ளையின் முன்னால் "முகம் கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொல்லாதிருப்போம். தோலில் விழுந்த தழும்பு மங்கினாலும் அந்தச் சொல் பிள்ளையின் மனதில் நின்றுவிடும்.